தொரே-பியூர்கர்: வெர்மீரையும் ஹால்ஸையும் மீட்ட கலை விமர்சகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 28 ஓவியங்களைப் பார்க்க ஆறரை லட்சம் பேர் திரண்டார்கள். டிக்கெட்டுகள் சில நாள்களிலேயே தீர்ந்துபோயின. 1850-இல் பாரிஸில் படித்தவர் ஒருவரை நிறுத்தி வெர்மீர் யார் என்று கேட்டிருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பார். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிற்பவர்களில் முதன்மையானவர் தியோஃபில் தொரே என்ற பிரெஞ்சுக்காரர். அவரைப் பற்றிப் பொதுவாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

தொரே யார்?

1807-இல் பிரான்ஸின் லா ஃப்ளேஷ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சட்டம் படித்தார். 1830 ஜூலைப் புரட்சி அவரை அரசியலுக்குள் இழுத்தது. கொஞ்ச காலம் சொந்த ஊரில் அரசு வழக்கறிஞரின் உதவியாளராக வேலை பார்த்தார், அது சரிப்படவில்லை. பாரிஸுக்குப் போய்ப் பத்திரிகையாளரானார். ஒரு கையில் அரசியல் கட்டுரை, மறு கையில் ஓவிய விமர்சனம் என்று கடைசிவரை எழுதினார். 1869 ஏப்ரலில் பாரிஸில் இறந்தபோது வயது 61.

பாரிஸில் அரசு ஆதரவுடன் நடக்கும் பெரிய ஓவியக் கண்காட்சிக்கு சலோன் என்று பெயர். அதைப் பற்றி எழுதுவதுதான் அக்கால விமர்சகர்களின் முக்கியமான பிழைப்பு. 1830களிலும் 40களிலும் தொரேயின் சலோன் கட்டுரைகளுக்கு நல்ல மதிப்பு இருந்தது. ஓவியர் டெலக்ருவாவை ஆதரித்தார். நிலக்காட்சி ஓவியர் தியோடோர் ரூஸோ அவருக்கு நெருங்கிய நண்பர். ரூஸோவின் படங்களைத் தேர்வுக்குழு ஆண்டுக்கு ஆண்டு நிராகரித்துக்கொண்டிருந்தபோது, 1844 சலோன் விமர்சனத்தை அவருக்கு எழுதும் பகிரங்கக் கடிதத்தோடு தொடங்கினார் தொரே. ஒதுக்கப்பட்டவர்கள் பக்கம் சாய்வது அவர் சுபாவம். பின்னாளில் இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓவியர்களிடமும் அதே சுபாவத்தோடுதான் போனார்.

தொரே, பியூர்கர் என்று இரண்டு பெயர்கள் ஏன்?

வில்லியம் பியூர்கர் என்பது அவர் தலைமறைவாக வாழ்ந்த காலத்தில் சூட்டிக்கொண்ட பெயர். நாட்டைவிட்டு ஓடியவன் சொந்தப் பெயரில் பாரிஸ் பத்திரிகைகளுக்கு எழுத முடியாது. 1850களின் நடுவிலிருந்து இந்தப் பெயரில் எழுதினார். நாடு திரும்பிய பிறகும் அதை விடவில்லை; டச்சு ஓவியங்களைப் பற்றிய அவருடைய எழுத்து முழுவதும் இந்தப் பெயரில்தான் வந்தது. பிற்கால ஆய்வாளர்கள் இரண்டையும் ஒட்டித் தொரே-பியூர்கர் என்று அழைக்கிறார்கள்.

எதற்காக ஓடினார்?

குடியரசுவாதி, சோஷலிஸ்ட், மன்னராட்சிக்கு எதிரி என்று எல்லாமாகவும் இருந்தார். 1840-இல் ஜனநாயகக் கட்சியைப் பற்றி அவர் எழுதிய துண்டுநூலுக்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பாரிஸின் செயின்ட் பெலஜி சிறையில் கழித்தார். 1848 பிப்ரவரிப் புரட்சியில் மன்னர் லூயி ஃபிலிப் வீழ்ந்ததும் 'உண்மையான குடியரசு' என்ற பொருள்படும் பெயரில் ஒரு நாளிதழ் தொடங்கினார். நாவலாசிரியை ஜார்ஜ் சாந்த் அதில் எழுதினார். அந்த ஆண்டு ஜூனில் தொழிலாளர் எழுச்சியை இராணுவம் நசுக்கியபோது பத்திரிகையும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு 1849 ஜூன் 13-இல் நடந்த கிளர்ச்சியும் தோற்றது. அதில் பங்கேற்ற தொரே பிடிபடாமல் தப்பினார். அவர் இல்லாமலே நடந்த விசாரணையில் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது.

சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் என்று பத்தாண்டு அலைந்தார். 1859-இல் மூன்றாம் நெப்போலியன் பொது மன்னிப்பு அறிவித்த பிறகே திரும்ப முடிந்தது.

இந்தப் பத்தாண்டுகளை அவர் வாழ்க்கை வரலாற்றின் இருண்ட இடைவெளியாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாரிஸில் இருந்திருந்தால் ஆண்டுதோறும் சலோன், வாரந்தோறும் அரசியல் தலையங்கம் என்று நாள்கள் ஓடியிருக்கும். நாடு கடந்து கிடந்ததால்தான் ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களில் மாதக்கணக்கில் நிற்க நேரம் கிடைத்தது. அவரே பின்னர் ஏறக்குறைய இப்படித்தான் எழுதினார்: 1848-க்குப் பிறகு தற்செயலாக அந்நியனானேன், பல நாடுகளில் மாறி மாறி வாழ்ந்தேன், அதனால் வடக்கு நாடுகளின் குழம்பிய ஓவிய வரலாற்றைப் பிரித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது என்று.

வெர்மீரின் ஓவியத்தை முதன்முதலில் எங்கே பார்த்தார்?

1842-இல் ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில். படம் 'டெல்ஃப்ட் நகரக் காட்சி'. 1822-இல் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் 2,900 கில்டர் (டச்சு நாணயம்) கொடுத்து அந்த அருங்காட்சியகத்துக்காக வாங்கப்பட்டிருந்தது.

கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் அகலம். பாதிக்கும் மேல் வானம். மேலே கருமேகம், அதன் நிழல் முன்வரிசைக் கோட்டைவாசல்கள்மேல் விழுந்து அவற்றை மங்கலாக்குகிறது. வெயில் அடிப்பது உள்ளே, நகரின் நடுவில். அங்கே கூரைகளும் புதிய தேவாலயத்தின் கோபுரமும் பளிச்சென்று நிற்கின்றன. ஓரத்தில் கட்டியிருக்கும் படகின்மேல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், நீரிலிருந்து தெறிக்கும் ஒளி. இக்கரையில் இரண்டு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி என்று சொல்ல எதுவும் இல்லை.

வருகிறவர் எல்லோரையும் நிறுத்திவிடும் படம் என்று தொரே எழுதினார். அட்டவணையில் 'டெல்ஃப்டின் யான் வான் டெர் மேர்' என்று பெயர் மட்டும் இருந்தது; வெர்மீர் என்பதன் இன்னொரு வடிவம் அது. டச்சு ஓவியங்களை ஓரளவு அறிந்த அவருக்கே அந்தப் பெயர் புதிது. அப்போது விசாரிக்க நேரமில்லை. கையில் அரசியல் இருந்தது. பெயர் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

வெர்மீர் உண்மையிலேயே மறக்கப்பட்டுவிட்டாரா?

முழுதாக இல்லை. 'இருநூறு ஆண்டு இருட்டில் கிடந்தவரைத் தனியொருவர் மீட்டார்' என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது. அதைப் பரப்பியதில் தொரேக்கும் பங்கு உண்டு. ஆதாரங்கள் வேறு விதமாகச் சொல்கின்றன.

1696 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஓர் ஏலத்தில் வெர்மீரின் 21 படங்கள் விற்பனைக்கு வந்தன. 'டெல்ஃப்ட் நகரக் காட்சி' 200 கில்டருக்கும் 'பால் ஊற்றும் பெண்' 175 கில்டருக்கும் போயின. அந்தப் பால்காரியை 1781-இல் ஆம்ஸ்டர்டாமில் பார்த்த ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தம் பயணக் குறிப்பில் பாராட்டினார். 1790களில் பாரிஸ் ஓவிய வணிகர் லெப்ரன், வரலாற்றாசிரியர்கள் கண்டுகொள்ளாத இந்த வான் டெர் மேர் தனிக் கவனத்துக்குத் தகுதியானவர் என்று அச்சிலேயே எழுதினார். ஹாலந்துச் சேகரிப்பாளர்கள் அவர் படங்களை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆக, படங்கள் எங்கும் போய்விடவில்லை. ஆங்காங்கே சுவர்களில் தொங்கின. பார்த்தவர்களுக்குப் பிடித்தும் இருந்தன. காணாமல் போனவர் ஓவியர்தான்: இன்ன படங்களை எல்லாம் வரைந்தவர் இவர் ஒருவரே என்று சேர்த்துச் சொல்ல ஆளில்லை. தொரே செய்தது அந்த வேலையை.

பெயர் ஏன் அப்படிச் சிதறியது?

முதலாவது, படங்கள் குறைவு. வெர்மீர் 1632-இல் பிறந்து 1675-இல், 43 வயதில், கடனோடு இறந்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். மெதுவாக வரைந்தவர்; ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்கள் இருக்கலாம். அவற்றில் பெரும்பகுதி டெல்ஃப்டிலேயே ஒரு குடும்பத்திடம் சேர்ந்திருந்தது. ஆகவே வெளியூர்களில் பெயர் பரவவில்லை.

இரண்டாவது, டச்சு ஓவியர்களின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளில் எழுதிய ஹௌப்ராக்கன் இவருக்குத் தனி வாழ்க்கைக் குறிப்பு எழுதவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் அந்த நூல்தான் எல்லோருக்கும் வழிகாட்டி. அதில் இடம்பெறாதவருக்கு அதற்குப் பிந்திய நூல்களிலும் இடம் கிடைப்பது கடினம்.

மூன்றாவது, அதே பெயரில் வேறு ஓவியர்கள் இருந்தார்கள். ஹார்லெமில் நிலக்காட்சி வரைந்த யான் வான் டெர் மேர் ஒருவர், அவர் மகன் ஒருவர், உட்ரெக்டில் இன்னொருவர்.

இதற்கெல்லாம் மேலே சந்தை. சேகரிப்பாளர் பணம் கொடுப்பது பெயருக்கு. அறிமுகமில்லாத வான் டெர் மேரைவிட பீட்டர் டி ஹோக், மெட்சூ, டெர்போர்க் விலைபோவார்கள். ரெம்பிராண்ட் என்றால் கேட்கவே வேண்டாம். டிரெஸ்டனில் இருக்கும் 'ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண்' 1742-இல் ரெம்பிராண்ட் படம் என்றே சாக்சனி ஆட்சியாளருக்காக வாங்கப்பட்டது. பிறகு பெயர்கள் மாறி, டி ஹோகிடம் வந்து, 1860களில்தான் உரியவரிடம் சேர்ந்தது. வியன்னாவில் இருக்கும் 'ஓவியக் கலை'யும் வெகுகாலம் டி ஹோக் படமாகவே இருந்தது. அதை வெர்மீருடையது என்று 1860-இல் அடையாளம் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் வாகன். தொரே மட்டுமே எல்லாவற்றையும் கண்டுபிடித்தார் என்பவர்கள் வாகனை மறந்துவிடுகிறார்கள்.

தொரே எப்படித் தேடினார்?

கால்நடையாகவும் ரயிலிலும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ரயில் பாதைகள் ஐரோப்பா முழுக்க விரிந்த காலம் அது. அதற்கு முந்திய தலைமுறை விமர்சகருக்கு ஹேக், டிரெஸ்டன், பிரவுன்ஷ்வைக், வியன்னா எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பெருஞ்செலவு. 1857-இல் மான்செஸ்டர் நகரில் நடந்த மாபெரும் கலைக் கண்காட்சி இன்னொரு வாய்ப்பு. ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகைகளில் அடைந்துகிடந்த படங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தன. பதின்மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். அதைப் பற்றி பியூர்கர் என்ற பெயரில் அவர் எழுதிய புத்தகம் அந்த ஆண்டே வெளிவந்தது. தொடர்ந்து 'ஹாலந்தின் அருங்காட்சியகங்கள்' என்ற நூலின் இரண்டு தொகுதிகள் 1858-இலும் 1860-இலும் வந்தன.

அவர் கருவிகள் மூன்று. ஒன்று, கண். வெர்மீர் ஒரே பொருள்களைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்: இடப்பக்க ஜன்னல், சுவரில் தேசப்படம், சிங்கத்தலை செதுக்கிய நாற்காலி, ஓரத்தில் வெள்ளை மென்மயிர் வைத்துத் தைத்த மஞ்சள் மேற்சட்டை. ஒரு படத்தில் பார்த்த சட்டை வேறொரு ஊரில், வேறொருவர் பெயரில் தொங்கும் படத்தில் இருந்தால் அங்கே நின்றுவிடுவார். இரண்டு, பழைய ஏலப் பட்டியல்கள். 1696 ஏலத்தின் பட்டியல் அச்சில் இருந்தது. 'தங்கம் நிறுக்கும் பெண்', 'பால் ஊற்றும் பெண்' என்று ஒவ்வொரு வரியையும் கையில் வைத்துக்கொண்டு இது இப்போது எங்கே என்று தேடினார். மூன்று, புகைப்படம். அன்று புகைப்படம் புதிது, விலையும் அதிகம். போக முடியாத இடங்களின் படங்களைப் புகைப்படமெடுத்துத் தருவித்தார். ஒரு வான் டெர் மேர் படத்தைப் பார்க்க நூற்றுக்கணக்கான மைல் போயிருக்கிறேன், ஒன்றின் புகைப்படத்துக்காகப் பைத்தியக்காரத்தனமாகச் செலவழித்திருக்கிறேன் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

கையொப்பம் இருந்தால் வேலை சுலபம். டிரெஸ்டனில் உள்ள 'தரகி' படத்தில் கையொப்பமும் 1656 என்ற ஆண்டும் இருக்கின்றன. ஆனால் முக்கால்வாசி நேரம் கையொப்பம் இராது, இருந்தாலும் யாரோ பின்னால் சேர்த்ததாக இருக்கும்.

வெர்மீரைப் பற்றி அவர் எழுதிய 1866 கட்டுரையில் அப்படி என்ன இருந்தது?

'கசெட் தே போசார்' என்ற பாரிஸ் கலை இதழில் அந்த ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று பகுதிகளாக வந்தது. வெர்மீரைப் பற்றி எழுதப்பட்ட முதல் முழுநீள ஆய்வு அதுவே. அவர் வாழ்க்கையைப் பற்றி எதுவுமே தெரியாததால் அவரை 'டெல்ஃப்டின் ஸ்ஃபிங்க்ஸ்' என்று அழைத்தார்; ஸ்ஃபிங்க்ஸ் என்பது புதிர் போடும் கிரேக்கப் புராண உயிரி. அந்தப் பட்டப்பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டுரையின் இறுதியில் வெர்மீரின் படங்கள் என்று 70-க்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டார்.

அதில் பாதிக்கும் மேல் தவறு. இன்று வெர்மீர் படங்களாக ஏற்கப்படுபவை 37 அல்லது அதைவிடச் சற்றுக் குறைவு.

இவ்வளவு தவறு செய்தவரை எப்படி நம்புவது?

தவறுகள் எங்கே நேர்ந்தன என்று பார்த்தால் விஷயம் புரியும். யாகோபஸ் விரெல் என்ற ஓவியரின் தெருக்காட்சிகளை வெர்மீருடையவை என்று சேர்த்துக்கொண்டார். விரெலின் முதலெழுத்துகளும் ஜே, வி. ஆள் யாரென்றே அன்று யாருக்கும் தெரியாது. ஹார்லெம் வான் டெர் மேரின் நிலக்காட்சிகளும் உள்ளே வந்தன. 'டெல்ஃப்ட் நகரக் காட்சி'யை வரைந்தவர் வேறு நிலக்காட்சிகள் வரையாமல் இருந்திருப்பாரா என்று தொரே நினைத்தார். நியாயமான சந்தேகம்தான், விடைதான் தவறு. உட்புறக் காட்சிகளில், அதாவது ஜன்னலும் பெண்ணும் கடிதமும் உள்ள படங்களில், அவர் கண் பெரும்பாலும் சரியாக இருந்தது. தெருவுக்கு வந்ததும் தடுமாறியது.

ஆசையும் ஒரு காரணம். அதிகம் வரைந்த ஓவியராக வெர்மீரை அவர் கற்பனை செய்துகொண்டார். கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில், அளவு, உரிமையாளர், ஏல வரலாறு சகிதம் வரிசைப்படுத்தி வைத்ததால் பின்னால் வந்தவர்களுக்குக் களையெடுப்பது எளிதாயிற்று. 1907-இல் டச்சு அறிஞர் ஹோஃப்ஸ்டெட் டி குரோட் வெளியிட்ட பட்டியலில் 34 மிஞ்சின. இன்றும் வழக்கு முடிந்தபாடில்லை: வாஷிங்டனில் உள்ள 'புல்லாங்குழலுடன் பெண்' வெர்மீருடையதல்ல என்று அந்த அருங்காட்சியகம் 2022-இல் அறிவித்தது, சில மாதங்களில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி அதை வெர்மீர் என்றே தொங்கவிட்டது. எக்ஸ்-கதிரும் நிறமிச் சோதனையும் உள்ள காலத்திலேயே இந்தக் கதி என்றால், பயணப் பையும் பூதக்கண்ணாடியுமாக அலைந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டச்சு ஓவியங்கள்மீது ஒரு பிரெஞ்சு சோஷலிஸ்டுக்கு ஏன் இவ்வளவு பற்று?

அவருடைய அரசியலும் ரசனையும் சந்திக்கும் இடம் இதுதான்.

பிரெஞ்சுக் கலைக் கல்விக்கூடத்தின் அளவுகோலில் உயர்ந்தது வரலாற்று ஓவியம்: புராண வீரர்கள், புனிதர்கள், அரசர்கள். சமையலறை, மதுக்கடை, மாட்டுத்தொழுவம் எல்லாம் கீழ்ப்படி. தொரே அந்த ஏணியையே வெறுத்தார். 'கலை கலைக்காகவே' என்ற கூட்டத்தையும் அவருக்குப் பிடிக்காது. 'கலை மனிதனுக்காக' என்பது அவர் முழக்கம். 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் அவர் கண்டது என்ன? ஸ்பெயின் மன்னரிடமிருந்து போராடிப் பிரிந்த குடியரசு. போப்பாண்டவருக்கு அங்கே அதிகாரம் இல்லை, வெர்சேல்ஸ் போன்ற அரசவை இல்லை. ஓவியம் வாங்கியவர்கள் வணிகர்கள், மதுவடிப்பவர்கள், ரொட்டிக்கடைக்காரர்கள். வெர்மீரின் குடும்பம் டெல்ஃப்டின் ரொட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு 617 கில்டர் பாக்கி வைத்திருந்ததும் அதற்கு ஈடாக இரண்டு படங்கள் கொடுக்கப்பட்டதும் பதிவேடுகளில் இருக்கின்றன. அந்தக் கடைக்காரர் வீட்டுச் சுவரில் வெர்மீர்!

சாமானிய மனிதர் தம் வேலையைச் செய்துகொண்டிருப்பதே ஓவியத்துக்குப் போதுமான பொருள் என்பதற்கு ஹாலந்து அவருக்குச் சாட்சியாயிற்று. பிரான்ஸில் அவர் கண்ட குடியரசுக் கனவு 1849-இல் உடைந்தது. அது ஒருகாலத்தில் நடைமுறையில் இருந்த நாட்டின் படங்களை அவர் பார்க்கப் போனார். இந்தப் பார்வையில் மிகை உண்டு. ஹாலந்து அவர் நினைத்த அளவுக்குச் சமத்துவ பூமி இல்லை. அந்தச் செல்வத்துக்குப் பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இருந்தன. தொரே அதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை.

நமக்கு அந்தக் கப்பல்கள் அறிமுகமானவை. யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்: நெடுந்தீவு டெல்ஃப்ட், நயினாதீவு ஹார்லெம். வெர்மீரின் ஊரும், அதே நூற்றாண்டின் டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் ஊரும் பாக் நீரிணைக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

ஃபிரான்ஸ் ஹால்ஸுக்கு அவர் என்ன செய்தார்?

ஹால்ஸின் பெயர் தொலையவில்லை, கெட்டிருந்தது. அவரை மொடாக்குடியராகக் காட்டும் கதைகளை ஹௌப்ராக்கன் எழுதிவைத்தார். ஓவியங்களைக் கதைக்கு ஏற்பப் பார்க்கத் தொடங்கினார்கள். தூரிகை வீச்சு வேகமாகவும் வெளிப்படையாகவும் இருக்கிறதா, அது போதையின் அவசரம் என்று முடிவு கட்டினார்கள். ரெனால்ட்ஸ்கூட அவர் திறமையைப் பாராட்டிவிட்டு, முடிக்கும் பொறுமை இல்லையே என்று வருந்தினார்.

தொரே அதே 'பொறுமையின்மை'யைத் தலைகீழாகப் படித்தார். 1868-இல் 'கசெட்' இதழில் இரண்டு கட்டுரைகள் எழுதி, அந்த வீச்சுத்தான் ஹால்ஸின் பலம் என்று நிறுவினார். ஹார்லெமின் நகராட்சி அருங்காட்சியகம் 1862-இல் நகர மண்டபத்தில் திறக்கப்பட்டிருந்ததால் குடிப்படை வீரர்களின் பெரிய குழுப் படங்களை யாரும் போய்ப் பார்க்க முடிந்தது. எண்பது வயதுக்குமேல் 1664-இல் ஹால்ஸ் வரைந்த முதியோர் இல்ல நிர்வாகிகளின் படமும் அங்கே இருந்தது.

விலையும் ஏறிக்கொண்டிருந்தது. 'சிரிக்கும் வீரன்' என்று இன்று அழைக்கப்படும் படத்துக்கு 1865-இல் பாரிஸ் ஏலத்தில் ஹெர்ட்ஃபோர்ட் பிரபுவும் ஜேம்ஸ் ராத்ஸ்சைல்டும் மோதிக்கொண்டார்கள். 51,000 பிராங்குக்கு ஹெர்ட்ஃபோர்ட் எடுத்தார். சில ஆண்டுகளில் ஹார்லெம் ஓவியர்களின் யாத்திரைத் தலமாயிற்று. மோனே போனார், சார்ஜெண்ட் போனார், மானே போனார். கூர்பே 1869-இல் மியூனிக்கில் ஹால்ஸின் 'மல்லே பாப்பே' கிழவியைப் பிரதியெடுத்தார். வான் கோ ஹால்ஸிடம் இருபத்தேழு கறுப்புகள் இருப்பதாக வியந்தார். அதே வான் கோ 1873-இல், இருபது வயதில், தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் பியூர்கரின் அருங்காட்சியக நூலை எப்படியாவது வாங்கிப் படி என்று வற்புறுத்தியிருக்கிறார்.

ஃபாப்ரீட்டியஸ்?

காரெல் ஃபாப்ரீட்டியஸ் ரெம்பிராண்டின் மாணவர். 1654 அக்டோபர் 12-இல் டெல்ஃப்டின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து நகரின் கால்பகுதி நொறுங்கியது. அதில் அவரும் இறந்தார், வயது 32. மிஞ்சிய படங்கள் ஒரு டஜன் அளவே. அவற்றில் பல ரெம்பிராண்ட் என்ற பெயரில் இருந்தன.

இறந்த ஆண்டு அவர் வரைந்த ஒரு பறவைப் படத்தை பிரஸ்ஸல்ஸில் ஒரு சேகரிப்பாளரிடம் தொரே பார்த்தார். வெள்ளைச் சுவர், அதில் ஒரு தீனிப்பெட்டி, காலில் மெல்லிய சங்கிலியோடு கோல்ட்ஃபிஞ்ச் என்னும் சிறு குருவி. பலகையின் உயரம் 34 சென்டிமீட்டர்கூட இல்லை. சிறகின் மஞ்சளில் தூரிகையின் பின்முனையால் கீறிய கோடு தெரியும். 1865-இல் அந்தச் சேகரிப்பாளரின் வாரிசுகள் படத்தை அவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். இன்று மௌரிட்ஸ்ஹவுஸின் மிகப் பிரபலமான படங்களில் அது ஒன்று. ஃபாப்ரீட்டியஸே வெர்மீரின் குரு என்று தொரே நம்பினார். அதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை.

அவர் விமர்சகரா, வியாபாரியா?

இரண்டும். 1842-இலேயே நண்பர் பால் லக்ருவாவுடன் சேர்ந்து ஓவியம், நூல் விற்பனைகளைக் கவனிக்கும் ஒரு நிறுவனம் தொடங்கியவர். பின்னாளில் வங்கியாளர் பெரேர், ஆகென் நகரத் தொழிலதிபர் சுவெர்மோண்ட் போன்றவர்களுக்கு எதை வாங்கலாம் என்று ஆலோசனை சொன்னார். சுவெர்மோண்ட் சேகரிப்பைப் பற்றி 1860-இல் நூல் எழுதியவரும் அவரே. தாமும் வாங்கினார். தாம் பாராட்டி எழுதும் ஓவியரின் படங்கள் தம் வீட்டில் இருந்தால், எழுத எழுத விலை ஏறும். 'முத்துமாலை அணியும் பெண்' அவரிடமிருந்து சுவெர்மோண்டுக்குப் போய், 1874-இல் பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

இன்றைய அளவுகோலில் இது சொந்த லாபமும் எழுத்து நேர்மையும் மோதும் நலன் முரண்பாடு. 19-ஆம் நூற்றாண்டில் சாதாரணம். அவரைக் காப்பாற்ற ஒரு வாதம் உண்டு: பணத்துக்காக மட்டும் இறங்கியிருந்தால், விலை போகும் பெயர்களை விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத பெயரில் இருபது ஆண்டுகளைப் போட்டிருக்க மாட்டார். அதற்காக அவர் கைகள் முழுச் சுத்தம் என்றும் சொல்ல வேண்டியதில்லை.

தம் காலத்து ஓவியர்களைச் சரியாகக் கணித்தாரா?

பெரும்பாலும். கூர்பேயை ஆதரித்தார்; மோனேயின் 'கமீல்' 1866-இலும் ரெனுவாரின் 'லீஸ்' 1868-இலும் சலோனில் வைக்கப்பட்டபோது பாராட்டி எழுதினார். மோனேயும் ரெனுவாரும் பின்னாளில் முன்னெடுத்த ஓவிய இயக்கத்துக்கு இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே பிறக்காத காலம் அது.

மானே விஷயத்தில் ஒரு சுவையான சம்பவம். 1864-இல் மானே பழைய ஸ்பெயின் ஓவியர்களான கோயாவையும் எல் கிரேக்கோவையும் பார்த்துச் செய்கிறார் என்ற தொனியில் எழுதினார். கவிஞர் போதலேர் பிரஸ்ஸல்ஸிலிருந்து கடிதம் போட்டார்: மானே அவர்களைப் பார்த்ததே இல்லை, இத்தகைய விசித்திர ஒற்றுமைகள் இயற்கையிலேயே உண்டு, நான் எட்கர் ஆலன் போவை ஏன் இத்தனை பொறுமையாக மொழிபெயர்த்தேன் தெரியுமா, அவர் என்னைப் போலவே இருந்ததால்தான் என்று.

'முத்துத் தோடு அணிந்த பெண்'ணைக் கண்டுபிடித்தவரும் இவரா?

இல்லை. அது வெளியே வந்தது 1881-இல், தொரே இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. ஹேக் நகர ஏலம் ஒன்றில் டெ தோம்ப் என்ற சேகரிப்பாளர் இரண்டு கில்டருக்கு வாங்கினார். ஏலக் கட்டணம் முப்பது சென்ட் தனி. லூவர் அருங்காட்சியகம் 'லேஸ் பின்னும் பெண்'ணை வாங்கியது 1870-இல். அதற்கும் அவர் இல்லை.

அவரிடம் இருந்த படங்கள் என்னவாயின?

அவர் சேகரிப்பு லக்ருவா குடும்பத்தின் வசம் வந்தது. பால் லக்ருவாவின் மனைவி அப்போலினுக்கும் தொரேக்கும் நீண்டநாள் நெருக்கம் உண்டு. 1892 டிசம்பர் 5-இல் பாரிஸின் ட்ரூவோ ஏலக்கூடத்தில் அவை விற்பனைக்கு வந்தன. வெர்ஜினல் என்ற இசைக்கருவியருகே நிற்கும் பெண், அதே கருவியின் முன் அமர்ந்த பெண் ஆகிய இரண்டு வெர்மீர்களும் இன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. குருவிப் படத்தை மௌரிட்ஸ்ஹவுஸ் 1896-இல் 6,200 பிராங்குக்கு வாங்கியது.

'இசை நிகழ்ச்சி' என்ற வெர்மீரை அமெரிக்கச் சீமாட்டி இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் 29,000 பிராங்குக்கு எடுத்து பாஸ்டனில் தம் அருங்காட்சியகத்தில் வைத்தார். 1990 மார்ச் 18 அதிகாலையில் போலீஸ் உடையில் வந்த இருவர் அங்கிருந்து பதின்மூன்று பொருள்களைத் திருடிச் சென்றார்கள். அதில் இதுவும் ஒன்று. ஒரு கோடி டாலர் பரிசு அறிவித்தும் படம் மீட்கப்படவில்லை.

தொரேயின் எழுத்தை இன்று படிக்க முடியுமா?

பிரெஞ்சு தெரிந்தால் முடியும். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கல்லிகா இணையதளத்தில் 'கசெட் தே போசார்' பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1866 அக்டோபர் இதழிலிருந்து தொடங்குங்கள். பட்டியலை முதலில் புரட்டாதீர்கள். அவர் எந்த ஊரில், எந்தச் சுவரில், எந்த வெளிச்சத்தில் ஒரு படத்தைப் பார்த்தார் என்று சொல்லும் பக்கங்களே சுவையானவை. நகரக் காட்சியைப் பார்க்க வேண்டுமானால் மௌரிட்ஸ்ஹவுஸின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. வலப்பக்கப் படகின் ஓரத்தைப் பெரிதாக்கினால் அந்த வெள்ளைப் புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணலாம்.